பனியைச் சாட்சிக்கு அழைத்தவருக்கு

சென்ற இதழில் வேலூரை அடுத்த கணியம்பாடிக் காற்றுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்த நண்பரின் வாதத்தை, அவருக்கு அநியாயம் செய்யாமல் முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலையடிவாரத்தில் விடியற்காலையில் தொங்கும் வெண்திரை வெறும் பனி என்கிறார். சருகுப் புகை இயற்கையானது, ஆலைப் புகையோடு அதைச் சேர்க்காதீர்கள் என்கிறார். அந்தப் புகையையும் ஈரக்காற்று பிடித்துத் தரையில் அமுக்கிவிடுமாம். காற்றுத்தர மானிகள் வேறு கதை சொன்னால், அவை ஈரத்தைத் தூசி என்று எண்ணி ஏமாறுகின்றனவாம். இவ்வளவையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் ஊராட்சிகளுக்கு ஓர் ஆலோசனை: குவித்த சருகை வெயிலேறிய பிறகு எரிக்காமல், பனி இறங்கும் நேரத்தில் எரித்துவிடுங்கள், யாருக்கும் தொல்லை இருக்காது.

பனியைப் புகழ்வதோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி ஆலோசனை கவிதை இல்லை. அது ஒரு வேதியியல் கூற்று, அதுவும் தலைகீழான கூற்று. புகை கிளப்புவதற்கு ஒரு நாளில் ஆகக் கெட்ட வேளை எது என்று தேடிப் பிடித்து, அதையே முகூர்த்தமாகக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

'வெறும் பனி' என்பதிலிருந்து தொடங்குவோம். 1880-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கென் இரண்டு பெரிய கண்ணாடிக் கலன்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரண அறைக் காற்று, மற்றதில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டுக்குள்ளும் நீராவியை விட்டார். சாதாரணக் காற்றிருந்த கலத்தில் அடர்த்தியாக மூட்டம் எழுந்தது. வடிகட்டிய காற்றில் ஒன்றுமே தெரியவில்லை. நீராவி துளியாக வேண்டுமென்றால் உட்கார ஒரு துகள் வேண்டும் என்பது அன்றைக்கே முடிந்துபோன வழக்கு. கணியம்பாடியில் காலை ஆறு மணிக்கு மூட்டம் தெரிகிறது என்றால், அதன் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஏதோ ஒரு துகள் இருக்கிறது. அடுப்புப் புகையோ, கரும்புச் சோகைப் புகையோ, திருவண்ணாமலைச் சாலையில் இரவெல்லாம் ஓடிய லாரியின் டீசல் புகையோ, மலைக்காட்டு மரங்கள் விட்ட ஆவி திரண்டதோ, ஏதோ ஒன்று. 'வெறும்' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

விடியற்காலை ஈரத்தை ஏதோ வானத்திலிருந்து இறங்கும் அருளாக அவர் எழுதுகிறார். கணக்கு அதைவிட எளிமையானது. மாலையில் 30 டிகிரியில் 55 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை, ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்காமல் 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஈரப்பதம் நூறைத் தொட்டுவிடும். குளிர்ந்த காற்று நீராவியைக் குறைவாகத்தான் தாங்கும், அவ்வளவே. அதே குளிர்தான் இன்னொரு வேலையையும் செய்கிறது. மலைச்சரிவில் குளிர்ந்த கனமான காற்று இறங்கி அடிவாரத்துத் தாழ்நிலத்தில் தேங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோட்டு உட்காருகிறது. கீழே கிளம்பும் புகை மேலே போக வழியில்லை. ஆக, ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரமும் புகை அடைபட்டிருக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. நண்பர் இந்த அடைபட்ட புகையைப் பார்த்துவிட்டு, ஈரம் அதை 'அமுக்கிவிட்டது' என்று மகிழ்கிறார். அமுங்கியது உண்மைதான், மூக்கு உயரத்தில்.

ஈரத்துக்குப் புகையை ஒழிக்கும் சக்தி இருந்தால் அது முதலில் சென்னையில் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரை ஊர், ஜனவரி விடியற்காலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. 2018 ஜனவரி 13, போகி அன்று என்ன நடந்தது? ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயையும் டயரையும் எரித்த புகை அந்த ஈரத்தில் அடங்கவில்லை, ஊதிப் பெருத்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நின்ற நச்சுமூட்டமும் ஈரமான மூட்டம்தான். அதில் அப்போதே சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின.

இனி ஊதிப் பெருப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். நண்பரின் கட்டுரை கால்வைக்காத இடம் இதுதான்.

சருகு எரியும்போது கிளம்புவது கரி மட்டும் இல்லை. இலையிலும் குச்சியிலும் உள்ள செல்லுலோஸ் வெந்து லெவோகுளுக்கோசன் என்ற ஒருவகைச் சர்க்கரையாகிறது. காற்றில் விறகுப் புகை கலந்திருக்கிறதா என்று அறிய ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் இந்தச் சர்க்கரையைத்தான். மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் உடைந்து குவையகால், சிரிங்கால் முதலிய ஃபீனால்களாகிறது. புகை வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவைதாம். செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமும் குளோரினும் பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் புகையோடு பறக்கின்றன. வைக்கோலிலும் சோகையிலும் இந்த உப்பு அதிகம். ஈரப்பதம் 84 விழுக்காட்டைத் தாண்டினால் அது தண்ணீரை இழுத்துக் கரைந்து துளியாகிவிடும். 'இயற்கைப் புகை' என்று அவர் தடவிக்கொடுக்கும் பொருள் தன் உப்பாலேயே ஈரத்தைத் தேடிப் போகிறது.

கரிமப் பொருள் உப்பைவிடச் சோம்பேறி, ஒப்புக்கொள்கிறேன். 90 விழுக்காடு ஈரத்தில் அமோனியம் சல்பேட் துகள் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 1.8 மடங்காகும். கரிமத் துகளின் விட்டம் கால் பங்கு கூடினாலே அதிகம். அவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். விட்டம் கால் பங்கு கூடினால் கனஅளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதாவது அந்தத் துகளில் பாதி தண்ணீர்.

அந்தத் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. வேலூர் மண்டித் தெருவில் வாங்கிய உருண்டை வெல்லத்தைக் கோடையில் உடைக்க அம்மிக்கல் வேண்டும். அதே வெல்லம் ஐப்பசி மழையில் ஜாடிக்குள் கசிந்து விரலில் ஒட்டும். காட்டிலிருந்தும் புகையிலிருந்தும் வரும் கரிமத் துகள் நடந்துகொள்வதும் அப்படியே. 2010-இல் பின்லாந்துக் காட்டில் ஆய்வு செய்த குழு, மரங்கள் விட்ட ஆவியிலிருந்து உருவான துகள்கள் திரவமாக இல்லை, கண்ணாடி போன்ற திண்மமாக இருக்கின்றன என்று கண்டறிந்தது. பைன் மர ஆவியிலிருந்து ஆய்வகத்தில் செய்த துகளை 2013-இல் வேறொரு குழு சோதித்தது. 30 விழுக்காட்டுக்குக் கீழான ஈரத்தில் அது கீல் போல இறுகிக் கிடந்தது. 90-ஐத் தாண்டியதும் திரவம். இறுகிய துகளுக்குள் ஒரு மூலக்கூறு ஓரத்திலிருந்து நடுவுக்குப் போய்ச் சேரவே நாள்கணக்கு, சில சமயம் ஆண்டுக்கணக்கு ஆகும். திரவத்தில் அது நொடிக்குள் முடிந்துவிடும். வேதிவினை நடப்பதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இந்த வேறுபாடுதான். வேலூர் வெயிலில் நடுப்பகலில் பூட்டிக் கிடக்கும் துகளுக்கு விடியற்காலை ஈரம் கதவைத் திறந்துவிடுகிறது.

கதவு திறந்ததும் உள்ளே யார் வருகிறார்கள்? கிளையாக்சல் என்ற ஆவி இருக்கிறது. புகையிலும் கிளம்பும், மர ஆவி ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் உண்டாகும். உலர்ந்த துகளில் அது தங்காது, காற்றோடு போய்விடும். ஈரத் துகளில் விழுந்தால் தண்ணீரோடு பிணைந்து, தன்னைப் போன்ற மூலக்கூறுகளோடு சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, அல்லது ஆக்சாலிக் அமிலமாகி, அங்கேயே தங்கிவிடும். குவையகாலும் அப்படியே. ஈரத்தில் கரைந்து, சூரியன் வந்ததும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளால் தாக்கப்பட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஆவியாகும் தன்மையை இழந்து, பழுப்பு நிறம் பெறுகிறது. பக்கத்தில் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருந்தால் நைட்ரோஃபீனால்கள் உண்டாகின்றன. ஆவியாகக் கலைந்து போயிருக்க வேண்டியது துகளாகிவிட்டது. நண்பரின் ஈரம் துகளை ஒழிக்கவில்லை, புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. இதை வெறும் ஆய்வகக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. இத்தாலியின் போ பள்ளத்தாக்கில் குளிர்கால மூடுபனிக்குள் விறகுப் புகையிலிருந்து இப்படிப் புதுக் கரிமத் துகள் உருவாவதை நேரடியாகக் கண்டு 2016-இல் எழுதியிருக்கிறார்கள்.

'ஆனால் பனி கீழே விழுந்துவிடுமே' என்பது அவருடைய அடுத்த புகலிடம். மழைக்கும் மூடுபனிக்கும் அவர் வித்தியாசமே வைக்கவில்லை. மழை விழும், மூடுபனியில் பெரும்பகுதி விழாது. எட்டரை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் துளி ஆவியாகிவிடும். உள்ளே கரைந்திருந்தது முழுக்கக் காற்றிலேயே மிஞ்சும், துளிக்குள் நடந்த வினைகளின் வட்டியும் சேர்ந்து, முன்பைவிடக் கனத்த துகளாக. திரை விலகியதும் 'பளிச்' என்று ஆகிவிட்டது என்று அவர் எழுதும் காலை நேரக் காற்றில் அந்த மிச்சம் இருக்கிறது. உண்மையான மழைகூட அவர் நினைக்கும் அளவுக்குச் சுத்தக்காரர் இல்லை. நுரையீரலின் அடிவரை போகும் அளவான, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் விழும் மழைத்துளி மிகக் குறைவாகப் பிடிக்கிறது. பெரிய தூசி மோதி ஒட்டும், மிகச் சிறியது அலைந்து ஒட்டும். இடைப்பட்டது துளியைச் சுற்றி நழுவிவிடும்.

'இயற்கை' என்ற சொல்லுக்கு அதிக இடம் ஒதுக்க விருப்பமில்லை. புகையிலையும் இலைதான். கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றிவரும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பாகாயத்தில் இருக்கிறது, அடுப்புப் புகை இயற்கையானது என்ற ஆறுதலை நண்பர் அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கலாம். மலைகளின் மேல் தெரியும் நீல மூட்டத்துக்கு மரங்களே விடும் ஆவிகள் காரணம் என்று தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1960-இலேயே எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, மரங்கள்தான் மோட்டார் வண்டிகளைவிட அதிகம் மாசு செய்கின்றன என்று பேசி அமெரிக்காவின் ரேகன் ஊர்ச்சிரிப்பு வாங்கிக்கொண்டார். நண்பர் அதே குழியில் எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கிறார்: மரத்திலிருந்து வந்தது எதுவானாலும் மாசே இல்லை.

அந்தச் சருகுக் குவியலை அவர் குனிந்து பார்த்திருக்கிறாரா என்பதும் ஐயம். சாலையோரத்தில் கூட்டிக் குவித்ததில் புளிய இலை, புங்க இலை மேலே இருக்கும். கீழே கிளறினால் பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, சிமென்ட் சாக்கின் நார், அறுந்த செருப்பு, ஒயரின் மேலுறை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். அது ஈரத் துகளில் கரைந்து, சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து, மேலும் தண்ணீரை இழுக்கும் உப்பாகும். டெல்லி மூட்டத்தில் இது எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர் ஆய்வாளர்கள்தாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே தலைமையிலான குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே பார்வைத்தூரம் குறைவதில் ஏறத்தாழப் பாதிக்கு இப்படிக் குளோரைடு இழுத்துவரும் தண்ணீர் பொறுப்பு. அதே சென்னையும் அதே ஆய்வில் இருக்கிறது, படிக்க விரும்பினால்.

காவலூர் விண்ணோக்ககத்தை அவர் சாட்சிக்கு அழைத்ததற்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலைக் காற்று சுத்தமாக இருப்பதால்தானே அங்கே தொலைநோக்கி வைத்தார்கள் என்கிறார். வைணு பாப்பு பெயரைத் தாங்கிய அந்த நிலையம் கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அடிவாரச் சமவெளி 200 மீட்டர் சொச்சம். விடியற்காலை மூடிக்கு மேலே உட்கார்ந்திருப்பவரின் வானத்தைக் காட்டி, மூடிக்குக் கீழே இருப்பவருக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அதுபோக, ஈரப்பதம் ஏறினால் தொலைநோக்கியின் கூரையை மூடிவிடுவது விண்ணோக்ககங்களின் வழக்கம். ஈரத்தை வாழ்த்த அவர் கூப்பிட்ட சாட்சி ஈரத்தைக் கண்டால் கதவைச் சாத்துகிற ஆள்.

மானிகளைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கட்டுரையிலேயே உண்மையுள்ள பகுதி அது ஒன்றுதான், அதனால்தான் அதிக ஆபத்தானதும். சுவரில் மாட்டும் மலிவு மானிகள் ஒளியைத் துகள்மேல் பாய்ச்சிச் சிதறலை அளக்கின்றன. துகள் தண்ணீரைக் குடித்து வீங்கினால் சிதறல் கூடும், எண்ணிக்கையும் கூடிக் காட்டும். இது எல்லோருக்கும் தெரிந்த குறை, எல்லோரும் திருத்திக்கொள்ளும் குறை. பர்ப்பிள்ஏர் மானிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது: மானி காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். மானி 150 என்கிறது, ஈரப்பதம் 90 என்று வைத்துக்கொள்வோம். திருத்திய பிறகு ஏறக்குறைய 77 வருகிறது. நம் ஊர்ப் புகைக்குச் சூத்திரத்தின் எண்கள் சற்று மாறலாம். ஆனாலும் பாதியாகக் குறைவது வேறு, பூஜ்யமாவது வேறு. நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்தது 15. ஒரு மணி நேர அளவைச் சராசரி வரம்போடு நேரடியாக ஒப்பிடக்கூடாது என்பதை அறிவேன். அப்படியும், 77 என்பதைப் 'பனி' என்று பெயர் மாற்ற எந்தச் சூத்திரமும் இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வைத்திருக்கும் பெரிய கருவிகளோ, காற்றைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் துகளைப் பிடிக்கின்றன. அவற்றிடம் 'தண்ணீரை எண்ணிவிட்டாய்' என்று சண்டை போட முடியாது. இங்கேதான் நண்பரின் வாதம் அவர் காலையே வாருகிறது. உலர்த்தினால் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் உருவான ஆக்சாலிக் அமிலமும் பழுப்புப் பிசினும் போகாது, வடிதாளில் எடையாக நிற்கும்.

அவருக்கு உதவக்கூடிய ஒரே நல்ல வாதத்தை அவர் எழுதவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். விறகுப் புகையில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க்காரி உண்டு. குளிர்ந்து உலர்ந்த காற்றில் அதன்மேல் இறுகிய கரிமப் பூச்சு கவசமாக நிற்பதால் ஓசோன் அதைத் தொட முடியாமல் நெடுந்தூரம் பயணம் செய்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள காற்றில் கவசம் இளகி, ஓசோன் அதை வேகமாக உடைக்கிறது. 2017-இல் வந்த ஆய்வு இது. ஈரம் நல்லதும் செய்யும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான சான்று கிடையாது. ஆனால் உடைக்க ஓசோன் வேண்டும். புகையும் வண்டிப் புகையும் அடைபட்ட விடியற்காலைத் தரைமட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்று தீர்த்திருக்கும். நல்லது நடப்பதற்கான வேளையும் அவர் குறித்த வேளை இல்லை.

ஈரத்தில் புகை அடங்கும் என்பவருக்கு இன்னொன்று. மூச்சுக்குழாய்க்குள் 37 டிகிரியில் ஈரப்பதம் 99 விழுக்காட்டுக்கு மேல். எவ்வளவு உலர்ந்த நடுப்பகல் புகையை இழுத்தாலும் அது நொடிகளில் ஈரப் புகையாகிவிடும். மேலே சொன்ன வினைகளுக்கான தண்ணீரை நாமே நெஞ்சுக்குள் வைத்திருக்கிறோம்.

ஆகவே விடியற்காலைத் தீக்கு வருகிறேன். இரவெல்லாம் பனியில் நனைந்த சருகு கொழுந்துவிட்டு எரியாது, கனன்று புகையும். கனலும் நெருப்பு, எரியும் நெருப்பைவிட ஒவ்வொரு கிலோ சருகுக்கும் பல மடங்கு கரிமத் துகளைக் கக்கும். அதன்மேல் மூடி போட்ட காற்று, அதற்குள் தொண்ணூற்றுச் சொச்ச ஈரப்பதம், அந்த நேரத்தில் வாசலில் கோலம் போடும் பெண்கள், பால் எடுத்துப் போகிறவர்கள், ஏழு மணி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். இவ்வளவும் சேர்ந்த வேளையை நல்ல வேளை என்கிறார். நடுப்பகலில் எரிக்கச் சொல்கிறேன் என்று அவர் திரித்துவிட வேண்டாம். சருகு மண்ணுக்குப் போக வேண்டிய உரம், கிடங்கில் போட்டு மூடினால் ஓர் ஆண்டில் மக்கிவிடும்.

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. சிறிய அளவில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். நண்பரின் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தீ மூட்டப் போகும் ஊராட்சி எதுவானாலும், உத்தரவை முழுதாகப் படித்துவிட்டு மூட்டட்டும். அதில் 'பனி இறங்கும் நேரம் நீங்கலாக' என்று ஒரு வரி இல்லை.